மெதுவா சாரும் இரண்டு பலகைகளும்

‘மெல்லக் கரையும் யூரியா’ என்று எழுதிய பலகைக்குப் பின்னால், சாலையோரப் பாதியில், மக்காச்சோளம் வெளுத்துப் போய் நின்றது. உள்பக்கப் பாதியில், ‘சாதா யூரியா’ என்ற பலகைக்குப் பின்னால், அதே சோளம் பச்சைப் பசேலென்று தோள் உயரம் வளர்ந்திருந்தது. வேளாண் அலுவலருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அவரை எல்லோரும் ‘மெதுவா சார்’ என்றுதான் சொல்வார்கள். “சாதா யூரியா போட்டா பாதி மழையோட போயிடும். இதுக்கு மேல பூச்சு இருக்கு. பயிருக்கு மெதுவா, மெதுவாத்தான் சத்து குடுக்கும்” என்று ஐந்து வருடமாக வாய் ஓயாமல் சொன்னதில் ஒட்டிக்கொண்ட பெயர். கேட்டவர்கள் தலையாட்டினார்களே தவிர, ஒருவரும் வாங்கிப் போடவில்லை. கடைசியில் அக்கா புருஷனைக் கெஞ்சிக் கூத்தாடி அவர் வயலில் பாதியைக் கேட்டார். பலகைகளைத் தன் கையாலேயே நட்டுவிட்டு, உரம் தூவுவதை அத்தானிடம் விட்டுவிட்டுப் போனார். நடுவில் விடாமல் மழை. இப்போதுதான் எட்டிப் பார்க்கிறார்.

“என்ன மச்சான், உம்முனு நிக்கிற?” என்று கேட்டபடி அத்தான் வரப்பில் வந்தார்.

“ஒண்ணுமில்ல அத்தான். இது கொஞ்சம் மெதுவாத்தான் வேலை செய்யும்.”

“செய்யட்டும், செய்யட்டும்.” அத்தான் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். மனிதர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அலுவலருக்கு.

வெள்ளிக்கிழமை இணை இயக்குநர் வருகிறார், நாற்பது விவசாயிகளோடு. இன்னும் ஐந்தே நாள்.

மறுநாள் விடிவதற்குள், ஐந்து வருடமாகத் தான் வாய்க்கு வந்தபடி ஏசிய அதே சாதா யூரியாவில் ஒரு மூட்டையை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்து, வெளுத்த பாதியில் வாரி இறைத்தார். சொந்த அக்கா வயலில் திருடனைப் போல. அக்கா வீட்டு நாய்கூடக் குரைக்கவில்லை. உறவுக்காரர்தானே என்று விட்டுவிட்டது.

அவசரத்தில் இலையெல்லாம் பனியில் நனைந்திருந்ததைக் கவனிக்கவில்லை. ஈரக் குருத்துக்குள் விழுந்த யூரியா அங்கேயே தங்கிவிட்டது. மூன்றாம் நாள் வெளுத்த பயிர், கருகிய பயிராகிவிட்டது.

“பூச்சி விழுந்திருக்காடா தம்பி?” என்று அக்கா கவலையோடு கேட்டாள்.

“ஆமாக்கா.”

உடனே அத்தான் மருந்தடிக்க ஆள் தேடக் கிளம்பினார்.

“வேணாம் அத்தான். அது தானாப் போயிடும்.”

“பூச்சி தானாப் போகுமா? நீதானே ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாதும்பே?”

“இது வேற மாதிரிப் பூச்சி” என்றார் அலுவலர். இவ்வளவு படித்தது இதற்குத்தானா என்று தன் மேலேயே வெறுப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை விடியற்காலை வேறு வழி தெரியாமல் இரண்டு பலகைகளையும் பிடுங்கி, இடம் மாற்றி நட்டார்.

பத்து மணிக்கு இணை இயக்குநர் பச்சைப் பாதியின் முன்னால் நின்று பூரித்துப் போனார். “உங்க கண்ணாலயே பாத்துக்குங்க. இத்தனை மழைக்கும் எப்படி நிக்குது பாருங்க.”

ஒரு விவசாயி இலையைத் தடவிப் பார்த்துவிட்டு அலுவலரிடம் வந்தார். “அடுத்த பட்டத்துக்கு என் நாலு ஏக்கருக்கும் இதான் சார். உங்க வார்த்தையை நம்பித்தான் போடறேன்.”

அலுவலருக்கு உடம்பெல்லாம் கூசியது. அத்தானைப் பார்த்தார். அத்தான் பலகையைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டு தலையைக் குனிந்தார். பயிரைக் கெடுத்தவனுக்காக இந்த மனிதர் வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறாரே என்று நினைத்ததும் அலுவலர் கூட்டத்தின் முன்னால் வந்தார்.

“எல்லாரும் மன்னிக்கணும்” என்றார். “பலகையை நான்தான் மாத்தி வெச்சேன். அதோ கருகி நிக்குதே, அதுதான் என் உரம் போட்டது. வெளுத்துப் போச்சேன்னு திருட்டுத்தனமா சாதா யூரியாவை இறைச்சுக் கருக்கினதும் நான்தான்.”

இணை இயக்குநர் ஜீப்பைப் பார்த்து நடந்தார். நாலு ஏக்கர்காரர், “அஞ்சு வருஷமா இதைத்தான் சொல்லிட்டுத் திரிஞ்சீங்களா சார்?” என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அலுவலர் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தானுக்கு ஏனோ வேர்த்துக் கொட்டியது.

எல்லாவற்றையும் வரப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த வயலுக்கு உரம் தூவிய கூலிக்காரம்மா. களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

“உங்க உரம் பயிரைக் கெடுத்துட்டா ரோட்டுல போறவங்க சிரிப்பாங்க, யாருக்கும் தெரியாம அதை உள்பக்கம் தூவிடுன்னு அன்னிக்கே உங்க அத்தான் சொல்லிட்டாரே சார், பலகை இன்னிக்குத்தானே சரியான இடத்துல நிக்குது?”