ஒருங்கிணைப்பாளர் பேசிக்கொண்டிருக்கிறார்

உலகத்தில் வேலை செய்கிறவர்கள் ஒரு வகை, செய்யாதவர்கள் இன்னொரு வகை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், மூன்றாவது வகையை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. அவர் பெயர் ஒருங்கிணைப்பாளர். வேலையை அவர் செய்ய மாட்டார். செய்யப் போகிறவரையும் விட மாட்டார். நடுவில் நின்றுகொண்டு, கைபேசியைக் காதில் வைத்தபடி, "பேசிட்டிருக்கேன்" என்பார். கல்யாண மண்டபத்திலும் குடியிருப்போர் சங்கத்திலும் பள்ளிக்கூட ஆண்டு விழாவிலும் இவர் உண்டு. ஆனால் அசல் உருப்படியைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் திருவண்ணாமலைக்கு வந்து, செங்கம் சாலையில் ஒரு காபிக் கடையின் மாடிப்படி ஏற வேண்டும். மேலே அருள்ராஜ் இருப்பார். பேசிக்கொண்டிருப்பார்.

அருள்ராஜ், மூன்று இறையியல் கல்லூரிகளின் கூட்டுக் களப்பணி ஒருங்கிணைப்பாளர். போதகராகப் படிக்கிற பிள்ளைகள் கடைசி வருடத்தில் ஏதாவது ஒரு சபையில் சில மாதம் தங்கி, ஞாயிறு ஆராதனை நடத்தி, படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்து, சாவு வீட்டில் ஜெபம் சொல்லிப் பழக வேண்டும். அது இல்லாமல் பட்டம் கிடையாது. அவரவர் பிள்ளையை அவரவர் சபைக்கே அனுப்பினால் மனசு விரியாது என்று மூன்று கல்லூரிகளும் பிள்ளைகளைப் பரிமாறிக்கொள்ள ஒப்பந்தம் செய்தன. நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைப் போடலாம் என்று முடிவெடுத்தார்களே, அன்றைக்குப் பிடித்தது சனி.

கீழே காபிக் கடையில், மௌனத்தைத் தேடி எங்கிருந்தோ வந்த வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். மாடியில் அருள்ராஜ் பெரிய கல்லூரி முதல்வரிடம், "உங்களக் கேக்காம நான் எதனா செய்வேனாங்க?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அடுத்து அதையே பழைய கல்லூரி முதல்வரிடம் கேட்பார். பிறகு புதிய கல்லூரி முதல்வரிடம். மூன்றும் சத்தியமான வார்த்தை. அவர்களைக் கேட்காமல் அவர் எதுவும் செய்ததில்லை. கேட்ட பிறகும் செய்ததில்லை.

அவருடைய நியாய உணர்வைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கடிதத் தலைப்பில் மூன்று கல்லூரிச் சின்னங்களையும் வரிசையாகப் போட்டால் முதலில் யார் என்ற கேள்வி வருகிறது. முக்கோணமாகப் போட்டால் உச்சியில் யார் என்று வருகிறது. அதனால் வட்டமாகப் போட்டார். வட்டத்திலும் மேல்பக்கம் ஒருவர்தானே இருக்க முடியும்? பருவத்துக்கு ஒருமுறை வட்டத்தைத் திருப்பி அச்சடிக்க ஏற்பாடு செய்தார். அந்த வருடம் அவர் முழுசாக முடித்த ஒரே காரியம் அது.

இந்த மாடிக்குத்தான் கீர்த்தனா வந்தாள். பழைய கல்லூரியின் கடைசி வருட மாணவி. அவள் வருவதற்கு முந்தின வாரம் சின்னசாமி என்றொரு பெரியவர் வந்துவிட்டுப் போயிருந்தார். தண்டராம்பட்டுப் பக்கம் ஒரு சிறிய சபையின் மூப்பர். அவர்களுடைய போதகர் கலையரசனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. டயாலிசிஸுக்கு வேலூருக்கும் ஊருக்குமாக அலைகிறார். ஞாயிற்றுக்கிழமை நிற்கக்கூட முடிவதில்லை. யாராவது ஒரு பிள்ளையை அனுப்பினால் புண்ணியமாகப் போகும் என்று கேட்டிருந்தார். கீர்த்தனா விஷயத்தைக் கேட்டதும், நான் போகிறேன் ஐயா என்றாள். ஒருவர் வா என்கிறார், ஒருத்தி வருகிறேன் என்கிறாள். இனி என்ன பாக்கி? தண்டராம்பட்டு பஸ் எத்தனை மணிக்கு என்று பார்ப்பதுதான் பாக்கி என்று நீங்கள் நினைப்பீர்கள். அதனால்தான் உங்களை யாரும் ஒருங்கிணைப்பாளராகப் போடவில்லை.

"ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா ஆச்சாம்மா? ஒரு முறைன்னு இருக்குதுல்ல?" என்றார் அருள்ராஜ்.

முறை இதுதான். கலையரசனுடைய சபை புதிய கல்லூரியைச் சேர்ந்தது. பழைய கல்லூரிப் பெண் அங்கே போனால், புதிய கல்லூரிப் பிள்ளை ஒன்று பெரிய கல்லூரியின் சபைக்குப் போக வேண்டும், பெரிய கல்லூரிப் பிள்ளை பழைய கல்லூரியின் சபைக்குப் போக வேண்டும். ஒருவரும் முதலில் நகரக் கூடாது. மூவரும் சேர்ந்துதான் நகர வேண்டும். இதற்கு அருள்ராஜ் வைத்த பெயர் சமநிலை. சமநிலை காரணமாக ஒரு பிள்ளையும் நகரவில்லை. தண்டராம்பட்டுப் பக்கத்தில் சனங்கள் ஞாயிறுதோறும் வந்து, தெரிந்த இரண்டு பாட்டைப் பாடி, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். சின்னசாமி போன் செய்து, பெண்ணை எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்பார். அருள்ராஜ், பேசிட்டிருக்கேன் என்பார்.

பேசித் தீராததால் கூட்டம் போட்டார். இடம், எந்தக் கல்லூரிக்கும் பக்கமாக இருந்துவிடக் கூடாது என்பதற்காக, அடி அண்ணாமலையில் ஒரு மண்டபம். நாள், மூன்று முதல்வர்களுக்கும் ஒருசேர ஒழிந்த ஒரே நாள். அருள்ராஜின் மேசையில் இருப்பது திருச்சபை நாள்காட்டி. எந்த ஞாயிற்றுக்கு எந்த வேதபாடம் என்று அதில் இருக்கும். நிலாவைப் பற்றி மூச்சு இருக்காது. லாட்ஜ் வாடகை முதல் பூ விலை வரை பவுர்ணமியை வைத்து நடக்கிற ஊரில், பதினைந்து வருடமாகக் குடியிருக்கிற மனிதர், பவுர்ணமியன்று சாயந்திரம், கிரிவலப் பாதையில் கூட்டம் போட்டார்.

அன்று பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆட்டோ விடவில்லை. மூன்று முதல்வர்களும் இறங்கி, லட்சம் சனத்தோடு சனமாக நடந்தார்கள். மண்டபத்துக்குத் திரும்புகிற சந்து வந்தபோது, கூட்டம் அவர்களை அப்படியே தள்ளிக்கொண்டு தாண்டிப் போய்விட்டது. திரும்பலாம் என்று பார்த்தால், அத்தனை பேரும் ஒரு பக்கமாக வரும்போது எதிரே எப்படி நடப்பது? தொண்டர் ஒருவர், அப்படியே சுற்றி வந்துவிடுங்கள் என்று கும்பிட்டுச் சொன்னார். வழியில் மோர் விற்ற மணியம்மாள் மட்டும் பெரிய கல்லூரி முதல்வர் நொண்டுவதைப் பார்த்து இரக்கப்பட்டு, "என்னா வேண்டுதல் சார்?" என்று கேட்டாள்.

"ஒரு கூட்டம் நடக்கணும்மா" என்றார் அவர்.

மண்டபத்தில் போட்ட நாற்காலிகளுக்கும் ஆறிப்போன போண்டாவுக்கும் நடுவில் அருள்ராஜ் காத்திருந்தார். போன் யாருக்கும் கிடைக்கவில்லை. முதல்வர்கள் மலையைச் சுற்றி முடித்து, கிடைத்த பஸ்ஸில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தார்கள். ஆனாலும் அருள்ராஜ் மனம் தளரவில்லை. மூன்று கல்லூரிகளும் ஒரே திசையில் நடந்தது அதுதான் முதல் தடவை என்று அறிக்கையில் எழுதினார்.

இதற்குள் பருவம் பாதி ஓடிவிட்டது. களப்பணி இல்லாவிட்டால் கீர்த்தனாவுக்கு ஒரு வருடம் வீண். அப்போதுதான் அருள்ராஜுக்கு அந்த யோசனை வந்தது: அவளுடைய களப்பணியைத் தன் அலுவலகத்திலேயே போட்டுவிட்டால்? மூன்று முதல்வர்களும் உடனே சம்மதித்தார்கள். யாருக்கும் லாபம் இல்லாத ஏற்பாட்டுக்கு எதிர்ப்பு ஏது?

கீர்த்தனா பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். முதல் வாரம், சின்னசாமிக்கு வேறு பிள்ளையையாவது அனுப்பிவிட வேண்டும் என்று அவளே போனை எடுத்தாள். பெரிய கல்லூரியில், பழைய கல்லூரியைக் கேட்டீர்களா என்றார்கள். பழைய கல்லூரியில், புதிய கல்லூரி என்ன சொல்கிறது என்றார்கள். அவள் குறித்துக்கொண்டாள், திருப்பிக் கூப்பிட்டாள், மறுபடியும் குறித்துக்கொண்டாள். அருள்ராஜ் அவளைப் பார்த்துப் பூரித்துப்போனார். ஒரு மாதத்தில் அவளுக்குக் குரலில் அந்தப் பதம் வந்துவிட்டது.

அப்படி ஒரு காலையில் சின்னசாமி கூப்பிட்டார்.

"பாஸ்டர் விடியக்காலைல போய்ட்டாரும்மா. பெரிய பாஸ்டருங்க நாளைக்குதான் வராங்களாம். இன்னைக்கு அவர் வீட்டாண்ட நின்னு ஒரு ஜெபம் சொல்ல ஆளில்ல."

"பேசிட்டு சொல்றேங்க" என்றாள் கீர்த்தனா.

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. சின்னசாமி கோபிக்கவில்லை, சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் கோபித்திருந்தால்கூடத் தேவலை. கீர்த்தனா பையையும் வேதாகமத்தையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். "இரும்மா, மூணு பேர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டு..." என்று அருள்ராஜ் பின்னாலேயே வந்து, கடைசிப் படியில் நின்றுவிட்டார். அவருக்கு உண்மையாகவே வருத்தம். இவ்வளவு பழக்கியும் பெண்ணுக்குப் பொறுமை வரவில்லையே என்று.

அவள் தண்டராம்பட்டு பஸ் பிடித்து, சாவு வீட்டு வாசலில் நின்று, அழுதுகொண்டே ஜெபம் சொன்னாள். அனுமதி இல்லாத பணி என்பதால் அது கணக்கில் வராது. அருள்ராஜ் அவளுக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

சிரித்தீர்கள் அல்லவா? நல்லது. இப்போது உங்கள் கைபேசியை எடுத்து, "பேசிட்டு சொல்றேன்" என்று நீங்கள் கடைசியாக யாரிடம் சொன்னீர்கள் என்று பாருங்கள். அவர் அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லையா? சரிதான், சின்னசாமியின் போன் நின்றபோது, வேலை முடிந்திருக்கும் என்றுதான் அருள்ராஜும் நினைத்தார்.