பனிஹால் ஏற்றத்தில் பச்சையம்மன் லாரி

பனிஹால், காஷ்மீர்
24-1-1982

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மைத்துனர், பெரம்பலூர் லாரி உரிமையாளர் திரு. உத்திராபதி அவர்களுக்கு, தங்கள் அக்காவைக் கட்டிய காசிநாதன் எழுதிக்கொள்வது.

நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் எனக்கு நான்கு நாளாக வலது காதில் உணர்ச்சி இல்லை. இடது காதுக்கு இன்று காலைதான் லேசாகத் திரும்பியிருக்கிறது. ஆகவே இங்கு பாதி நலம். அங்கு தாங்களும் குழந்தைகளும் முழு நலமாகவே இருப்பீர்கள், ஏனென்றால் தாங்கள் பெரம்பலூரில் இருக்கிறீர்கள்.

‘பனிஹாலில் தாமதம்’ என்று நான் அடித்த தந்திக்குத் தங்கள் பதில் தந்தி நேற்று இந்த ஊர்த் தபாலாபீசில் கிடைத்தது. ‘ஏன் தாமதம்’ என்று இரண்டே சொல்லில் கேட்டிருந்தீர்கள். இரண்டு சொல்லில் பதில் சொல்ல முடியாத காரணத்தால் இக்கடிதம்.

போன மாதம் தாங்கள் அரியலூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, இட்லி சாப்பிட்டுக்கொண்டே, “மச்சான், உங்களுக்குத்தான் இந்தி தெரியுமே. ரிட்டயர் ஆயிட்டு சும்மா வூட்டுல உக்காந்து என்ன பண்ணப்போறீங்க? ஸ்ரீநகருக்கு முந்திரி லோடு போவுது, வண்டியோட ஒரு எட்டு போயிட்டு வாங்க. காஷ்மீரப் பாத்த மாதிரியும் ஆச்சு” என்றீர்கள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்பதற்குள் உங்கள் அக்கா சிந்தாமணி என் பெட்டியை அடுக்கி முடித்துவிட்டாள். முப்பத்திரண்டு வருஷம் ரயில்வே கூட்ஸ் ஆபீசில் இருந்துகொண்டே நான் மத்யமா வரை இந்திப் பரீட்சை பாஸ் செய்தது உண்மைதான். ஆனால் அந்தப் புத்தகத்தில் மேசை மேல் பேனா இருக்கிறது, ராமன் மாம்பழம் தின்கிறான், அவ்வளவுதான். இத்தனை ஆயிரம் மைலில் ஒருத்தராவது பேனா எங்கே என்று என்னைக் கேட்க வேண்டுமே! இலக்கணம் பார்த்துப் பார்த்து நான் ஒரு வாக்கியம் சொன்னால் எதிராளி ஆங் என்கிறான். உங்கள் டிரைவர் வீரமுத்து இருக்கிறானே, விக்கிரமங்கலத்தைத் தாண்டி ஒரு பாஷை உண்டென்றே அறியாதவன், நாகபுரியில் பஞ்சர் கடைக்காரனிடம், “யோவ், நல்லா அழுத்தி ஒட்டுய்யா, மலையேறணும்” என்று சுத்தத் தமிழில் அதட்டுகிறான். அந்த ஆள் தலையாட்டிக்கொண்டே ஒட்டிக் கொடுத்து, இவனுக்கு டீயும் வாங்கிக் கொடுக்கிறான். எனக்கு வாங்கிக் கொடுக்கவில்லை.

ஜம்முவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. பனிஹால் தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் சாலைக்குக் குறுக்கே ஒரு தடுப்புக் கட்டை, பனியில் உறைந்து பாதி தூக்கினபடியே நின்றது. ஒரு போலீஸ்காரர் வந்து, “ராஸ்தா பந்த் ஹை” என்றார். பந்த் என்றால் என்ன, மைத்துனரே, நீங்களே சொல்லுங்கள். அரியலூரில் வருஷத்துக்கு நான்கு பந்த் நடக்கிறது. கடையடைப்பு! நான் வீரமுத்துவிடம், “இன்னிக்கு இந்த ஊர்ல பந்தாம்ப்பா. ரோடு காலியா இருக்கும், சட்டுனு போயிடலாம்” என்றேன்.

“சார், அந்தாளு கையக் குறுக்க நீட்டுறாரே?”

“டீக்கடை இருக்காதுன்னு சொல்றாரு. நீ வுடு.”

வண்டி கிளம்பியதும் அவர் விசில் ஊதிக்கொண்டே நூறு கஜம் பின்னால் ஓடிவந்தார். நல்ல மரியாதைக்காரர் என்று நினைத்துக் கையாட்டினேன். அரை மணி நேரம் போனோம். எதிரே ஒரு வண்டி கிடையாது, பின்னால் ஒரு வண்டி கிடையாது. பந்த் நன்றாகவே நடக்கிறது என்று இருவரும் பேசிக்கொண்டோம்.

அப்புறம் பனி பிடித்தது. நம் ஊரில் பருத்தி அரைக்கிற மில்லுக்குள் போனால் பஞ்சு பறக்குமே, அப்படி. ஒரு வளைவில் பின்சக்கரம் இரண்டும் இருந்த இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தன. வலப்பக்கம் மலை, இடப்பக்கம் பள்ளம், அடியில் எங்கேயோ ஆறு ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. வீரமுத்து இறங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “இது ஒண்ணுமில்ல சார், திருமழபாடில கொள்ளிடத்துல மணலுக்குள்ள வண்டி மாட்டுனா எப்புடி எடுக்கறது? அதே மாதிரிதான். டயர்ல பாதிக் காத்தப் புடுங்கிட்டா புடிச்சிக்கும்” என்று நான் வேண்டாம் வேண்டாம் என்கிறபோதே பின்பக்கத்து நான்கு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டான். பிடித்துக்கொண்டது உண்மை, வண்டி பனியைப் பிடிக்கவில்லை, பனி வண்டியைப் பிடித்துக்கொண்டது. திரும்பக் காற்றடிக்கப் பம்பு எங்கே என்று கேட்டேன். பம்பு உங்கள் பெரம்பலூர் ஷெட்டில் இருக்கிறதாம்.

அடுத்து, சக்கரத்துக்கடியில் சாக்குப் போட்டோம். சாக்கு உள்ளே போயிற்று, வெளியே வரவில்லை. பிறகு என் ஜமுக்காளத்தைக் கேட்டான். போர்த்திக்கொண்டிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். சக்கரம் அதைச் சுருட்டி இழுத்து, பின்பக்கமாக ஒரே வீச்சாக வீசியது. சிவப்பும் நீலமுமாக அது விரிந்து பறந்து பள்ளத்துக்குள் இறங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழகாகத்தான் இருந்தது, வேறு ஆளுடையதாக இருந்திருந்தால்.

இதற்குள் எஞ்சின் நின்றுவிட்டது. டீசல் உறைந்து மார்கழி மாதத்து நெய் மாதிரி ஆகிவிட்டதாம். உங்கள் டிரைவர் என்ன செய்தான் தெரியுமா? நாங்கள் சோறு பொங்குகிற மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்து டீசல் டாங்குக்கு நேர் கீழே வைத்து, “சார், கொஞ்சம் பாத்துக்கங்க, நான் பனிய வெட்டுறேன்” என்று போய்விட்டான், அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போகிறவன் மாதிரி. மாப்பிள்ளை, அந்த இருபது நிமிஷம் நான் சொன்ன சுலோகங்களை என் கல்யாணத்தில்கூட ஐயர் சொல்லவில்லை.

இனி எழுதப்போவதை உன் அக்காவுக்குப் படித்துக் காட்டாதே. எஞ்சின் எப்படியோ கிளம்பியது. என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, “பிரேக்க மட்டும் அழுத்திக்கிட்டே இருங்க சார், பின்னாடி முட்டுக் குடுத்துட்டு வந்துடறேன்” என்றான். அவன் பின்னால் போய்க் குனிந்தபோது வண்டி நகர்ந்தது. சத்தமே இல்லை. சோப்புப் பெட்டி தரையில் வழுக்குகிற மாதிரி, பள்ளத்தின் பக்கமாகப் பின்னோக்கி நழுவுகிறது. “சார், குதிங்க! கதவத் தொறந்து குதிங்க!” என்று அலறுகிறான். நான் குதிக்கவில்லை. கால் பிரேக்கை விட்டு வரவில்லை, கை கதவுக்குப் போகவில்லை, வாயும் திறக்கவில்லை. அப்போது என் மனசில் ஓடியது ஒன்றுதான். இத்தனை வருஷத்தில் சிந்தாமணியிடம் ஒரு நாளாவது போய்ட்டு வரேன் என்று சொல்லிக்கொண்டு நான் கிளம்பியதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன். இந்தத் தடவையும் அப்படித்தான் இறங்கி வந்திருந்தேன்.

வண்டி நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் வீரமுத்து பனியில் குப்புறப் படுத்து, ஸ்டெப்னி டயரைச் சக்கரத்துக்குப் பின்னால் தள்ளிக் கொடுத்திருக்கிறான். சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் ஒரு முழம்தான் பாக்கி. இடது கையில் இரண்டு விரல் நசுங்கி ரத்தம். “உனக்கு அறிவு இருக்கா? ஓடிப்போவேண்டியதுதானே?” என்று கத்தினேன். “நீங்க உள்ள இருந்தீங்களே சார்” என்றான். அதற்கும் சேர்த்து இன்னும் கொஞ்ச நேரம் திட்டினேன். இதில் என்ன வேடிக்கை என்றால், அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம், “எங்க சாரு குதிக்காம பிரேக்க அழுத்திக்கிட்டே இருந்தாரு, அதான் வண்டி தப்பிச்சிது” என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். அதை நான் இதுவரை திருத்தவில்லை.

விரலுக்கு என் துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தபோது சரிவில் ஒரு தாடிக்காரர் ஏறி வந்தார். கால்வரை தொங்குகிற பெரிய அங்கி. அங்கியின் கழுத்து வழியாகப் புகை வருகிறது. மாப்பிள்ளை, ஒரு மனுஷன் வயிற்றிலிருந்து புகை வந்தால் நீ என்ன செய்வாய்? நெருப்புப் பிடித்துவிட்டது என்று நான் இரண்டு கையாலும் பனியை அள்ளி அவர் கழுத்துக்குள் கொட்டினேன். மறுபடியும் கொட்டினேன். அவர் போட்ட சத்தம் மலையில் எதிரொலித்தது. இந்த ஊர்க்காரர்கள் குளிருக்காகக் கணப்புச் சட்டியை அங்கிக்குள் வைத்துக்கொண்டே நடக்கிறார்கள் என்று மத்யமாவில் ஒரு வரி போட்டிருக்கலாம். அவர் பெயர் ரசாக். சட்டி அணைந்து, உடம்பெல்லாம் நனைந்து, என்னை அடிக்கவே வந்தார். வீரமுத்து நடுவில் புகுந்து, “மன்னிச்சிக்கங்க பாய், எங்க சாருக்கு வயசாயிடுச்சி, பதறிட்டாரு” என்று தமிழில் சொல்லி, ஒரு டின்னை உடைத்து அவர் இரண்டு கையும் நிறைய முந்திரியைக் கொட்டினான். ரசாக் ஒன்றைக் கடித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. அந்தச் சிரிப்போடுதான் எங்களைக் கீழே இருக்கிற தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

இரண்டு நாள் அங்கே கிடந்தோம். டீ கொடுத்தார்கள். ரோஜாப்பூ நிறம், அதில் உப்பு. வாயில் வைத்ததும் முகம் மாறியதைப் பார்த்து, உப்புப் போதவில்லையோ என்று இன்னும் ஒரு கரண்டி உப்புப் போட்டார்கள். வீரமுத்து ஆறு கோப்பை குடிக்கிறான். ரசாக்கின் சம்சாரம் அவன் விரலுக்கு ஏதோ மருந்து வைத்துக் கட்டினாள். அவனை மகனே என்கிறாள். என்னைக் கண்டால் அந்த வீட்டுக் குழந்தைகள் கழுத்துப் பட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓடுகின்றன.

மூன்றாம் நாள் வெயில் வந்தது. ரசாக் ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேரை மண்வெட்டியோடு கூட்டி வந்தார். கீழேயிருந்து பட்டாளத்துப் புல்டோசர் ஒன்றும், அதோடு ஒரு ஹவில்தாரும் வந்தார்கள். ஹவில்தார் என்னிடம் கால் மணி நேரம் பேசினார். அவர் உபயோகித்த ஒரு சொல்லும் என் புத்தகத்தில் இல்லை. ஆனாலும் முதல் தடவையாக எனக்கு இந்தி முழுசாகப் புரிந்தது. ராஸ்தா பந்த் என்றால் கடையடைப்பு இல்லை. சாலையை மூடிவிட்டோம், போகாதே என்று அர்த்தம். இதை வீரமுத்துவுக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

புல்டோசரில் இரும்புக் கயிற்றைப் பூட்டி முன் பம்பரில் மாட்டினார்கள். எல்லாரும் விலகி நின்றோம். புல்டோசர் உறுமிக்கொண்டு இழுத்தது. டப் என்று ஒரு சத்தம். நீ ஆசையாகப் பெயிண்டரிடம் எழுதி வாங்கினாயே, ‘பச்சையம்மன் துணை’ என்று, அந்தப் பலகையோடு பம்பர் கழன்று புல்டோசருக்குப் பின்னாலேயே அரை பர்லாங்கு போய்விட்டது. பச்சையம்மன் புல்டோசருக்குத் துணையாகப் போய்விட்டாள். லாரி துணையில்லாமல் அதே இடத்தில் நின்றது. அப்புறம் வீரமுத்து கட்டுப்போட்ட கையோடு அடியில் ஊர்ந்து போய்ச் சேஸிஸில் கயிற்றைப் பூட்டினான். பன்னிரண்டு பேரும் பின்னாலிருந்து தள்ள, ஹவில்தாரும் தோள் கொடுக்க, வண்டி ஒரு குலுங்கு குலுங்கிச் சாலையின் நடுவுக்கு வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். ரசாக் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், சட்டியைக் கவனமாக ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டு. வண்டியைக் கீழே கொண்டுவந்து, பட்டாளத்துப் பம்பில் காற்றடித்து, சக்கரத்துக்குப் பனியில் வழுக்காமலிருக்கச் சங்கிலியும் மாட்டி வாங்கியாயிற்று.

ஆகவே மாப்பிள்ளை, இப்போது நான் சொல்வதைக் கேட்டுக்கொள். எனக்கு இந்தி தெரியாது. யாராவது தெரியும் என்று சொன்னால் நம்பாதே. இந்த லாரியில் இனிமேல் கால் வைக்க மாட்டேன். நாளைக் காலை ஜம்முவுக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து ரயிலைப் பிடித்து வீடு வந்து சேருகிறேன். சரக்கை வீரமுத்து ஸ்ரீநகர் கொண்டுபோகட்டும்; அவனுக்குத்தான் உலகத்து மொழியெல்லாம் தெரிகிறதே. வண்டி ஊர் திரும்பியதும் விற்றுவிடு, அல்லது பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு மட்டும் ஓட்டு. வழியில் மலை கிடையாது. இது என் முடிவு. இதில் மாற்றமில்லை.

தங்கள் துணைவியாருக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு ஆசிகள், நன்றாகப் படிக்கட்டும், பூகோளத்தை மட்டும் தூரத்திலிருந்தே படிக்கட்டும். தாங்கள் நூறாண்டு சமவெளியிலேயே வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

காசிநாதன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ரசாக் ஓடி வந்தார். அவருடைய அக்கா மகளுக்கு இன்று மாலை, ஏற்றத்தின் மேலே மலையைக் குடைந்திருக்கிற சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம் கல்யாணம். அவர்கள் ஏற்பாடு செய்திருந்த ஜீப் உறைந்துபோய்க் கிளம்பவில்லை. பனியால் ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போன கல்யாணமாம். இன்றும் நின்றால் பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று பெண்ணின் அம்மா அழுகிறாள். சங்கிலி மாட்டிய வண்டியை மட்டும்தான் மேலே விடுகிறார்கள். இந்த ஊரில் அப்படி இருப்பது நம் வண்டி ஒன்றுதான். வீரமுத்து என் முகத்தைப் பார்த்தான். ஜம்மு பஸ் இன்னொரு நாளும் போகும். பெண்ணையும் அவள் அம்மாவையும் முன்சீட்டில் ஏற்றியாயிற்று. நான் பின்னால் சொந்தக்காரர்களோடு முந்திரி டின்கள் மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்துக் கோணலுக்கு மன்னிக்கவும். குளிருக்கு எனக்கும் ஒரு கணப்புச் சட்டி கொடுத்திருக்கிறார்கள். கல்யாணம் மூன்று நாளாம், நான் பெண் வீட்டுப் பெரியவராம், ஆகையால் வருவதற்குப் பத்து நாள் ஆகும் என்று சிந்தாமணியிடம் சொல்லவும். ஸ்ரீநகரில், ரசாக்குக்கு உடைத்தது போக இன்னும் ஒரு டின் முந்திரி குறைகிறது என்று சொன்னால் தாங்கள் பதற வேண்டாம். அது தாங்கள் அந்தப் பெண்ணுக்குச் செய்த சீர்.