ஆரோக்கியம் சரியில்லை

சேசு மரி சூசை துணை

சிராங்கூன் ரோடு
21-8-1974

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் ஆம்ப்ரோஸ் அவர்களுக்குச் சவரிராஜ் எழுதிக்கொள்வது. ஜூரோங்கில் தாங்களும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கே நானும் தங்கள் தங்கை அல்போன்சம்மாளும் சுகம். ஆரோக்கியம்தான் சரியில்லை. பதற வேண்டாம், உடம்பைச் சொல்லவில்லை. உங்கள் மருமகளை, என் மகளைச் சொல்கிறேன்.

அவள் பள்ளியில் புதிதாக ஓர் ஏற்பாடு. வகுப்புக்கொரு நடத்தைப் புத்தகம் வைத்து, பிள்ளைகள் செய்கிற தப்பையெல்லாம் எழுதுகிறார்கள்; பெற்றோர் போன் போட்டுப் பெயரும் வகுப்பும் சொன்னால் பள்ளி ஆபீசில் எழுத்து வேலை பார்க்கிற கிராணி படித்துச் சொல்வார். கிராணி மலாய்க்காரர். எனக்கு இங்கிலீஷ்தான் தகராறு, மலாய் தண்ணீர் பட்ட பாடு. சாகுல் ஹமீது கடைப் போனில் போன வாரம் திங்கட்கிழமை கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம் மச்சான். பந்தை உதைத்துக் கண்ணாடியை உடைத்தாளாம். மறுநாள் கேட்டால், வேலி ஏறிக் குதித்தாளாம். அதற்கு மறுநாள், ஆம்பளைப் பிள்ளைகள் கக்கூஸில் சிகரெட்டும் கையுமாகப் பிடிபட்டாளாம். அங்கே இவளுக்கு என்ன வேலை? வீட்டில் விசாரித்தால், "நான் இல்லப்பா, சத்தியமா இல்ல"ங்கிறா. "புத்தகத்துல எழுதியிருக்கே, பள்ளிக்கூடம் பொய் சொல்லுமா?" என்றேன். உங்கள் தங்கையோ, "பூனை குறுக்க வந்தாலே கத்துற பிள்ளை, எந்த வேலியிலங்க ஏறும்?" என்று அவளுக்கே வக்காலத்து.

வெள்ளிக்கிழமை, "முடி நீளம், உடனே வெட்டவும்" என்று எழுதியிருந்ததாம். பெண்பிள்ளைக்கு முடி நீளமாயிருந்தால் என்ன கேடு என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. ஆனால் தபாலாபீசிலேயே நீள முடிக்காரர்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று படம் போட்டு ஒட்டியிருக்கிற காலம், நமக்கேன் வம்பு? இடுப்புவரை கிடந்த சடையை ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் நானே கத்தரித்துவிட்டேன். அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாயிருக்கிறது. உங்கள் தங்கை அன்றிலிருந்து சோற்றுத் தட்டை டொக்கென்று வைக்கிறாள்.

இன்னும் ஒரு தப்பு ஏறினால் பள்ளியைவிட்டு நீக்கிவிடுவார்கள் என்கிறார் கிராணி. அவர்கள் விரட்டி மானம் போகுமுன் நானே நிறுத்திவிடப் போகிறேன். நாளைக் காலை கையெழுத்து. சனிக்கிழமை தாங்கள் வந்து அழைத்துப்போய், உங்கள் ஃபேக்டரியிலேயே சேர்த்துவிடுங்கள். நர்ஸாவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் மச்சான். மேலே எழுத ஓடவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். சின்னதுகளுக்கு முத்தம். எல்லாரையும் மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த
சவரிராஜ்

பி.கு.: இதைத் தபாலில் போட மனமில்லாமல், சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அவளோடு பள்ளிக்குப் போனேன். கிராணி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதுவா ஆரோக்கியம்?" என்றார். அதே வகுப்பில் இன்னொரு ஆரோக்கியம் இருக்கிறான், ஆம்பளைப் பிள்ளை. மலாயில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே 'டியா'தானே. அவர் அவனைச் சொல்ல, நான் இவளைப் போட்டு வதைத்திருக்கிறேன். அந்தப் பயலையும் பார்த்தேன். முடி இன்னும் தோளைத் தொடுகிறது.

பிறகு கிராணி இவள் பக்கத்தைப் புரட்டினார். ஒரே ஒரு குறிப்பு, இந்தத் திங்கட்கிழமை டீச்சர் எழுதியது: "முடி வெட்டப்பட்டு வந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, அப்பா செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்றாள்."

சனிக்கிழமை அவசியம் வாருங்கள் மச்சான். அழைத்துப்போக இல்லை. பள்ளியைவிட்டு வெளியே வந்ததிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. தாய்மாமன் சொன்னால் கேட்பாள்.