அப்பாவின் சிறுநீரகமும் சித்தப்பாவின் ஆடுகளும்

அன்புள்ள புருல் அக்காவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே, விடுதியில் உன் அறைத்தோழியிடம்கூட. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. பிஷ்கெக்கில் நீ நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே ஆடுகளைத் தவிர எல்லோரும் நலம். போனில் சொன்னால் வீடே கேட்கும். அதனால் எல்லோரும் தூங்கட்டும் என்று காத்திருந்து எழுதுகிறேன். என் சிறுநீரகம் ஒன்றை எடுத்து அப்பாவுக்கு வைக்கப் போகிறார்கள்.

எல்லாம் ஓட்டுநர் உரிமத்தால் வந்தது. அதைப் புதுப்பிக்க அப்பா ரத்தப் பரிசோதனைக்குப் போனார். முந்தின நாள் துர்துபாய் சித்தப்பா வீட்டில் விருந்து. ரத்தத்தில் கிரியாட்டினின் கூடுதல் என்றார் டாக்டர் ஷாரிபா. அது தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் ரத்தத்தை ஓயாமல் வடிகட்டி அதை வெளியேற்ற வேண்டும், ரத்தத்திலேயே தங்கினால் வடிகட்டி சோர்ந்துவிட்டது என்று சந்தேகம், மறுபடி பார்ப்போம் என்றார். செய்தி பரவியதும் உறவினர்கள் ஆறுதல் சொல்ல வந்தார்கள். வந்தவர்களுக்கு ஆடு அடிக்காமல் இருக்க முடியுமா? அடித்தோம். மறுநாள் பரிசோதனையில் இன்னும் கூடிவிட்டது. ஆனால் சிறுநீரில் புரதம் ஒழுகவில்லை, ஸ்கேனிலும் குறையில்லை. டாக்டர் குழம்பிப் போய்க் கேட்டார்.

"நேத்து கறி சாப்பிட்டீங்களா?"

"நானா? விருந்தாளிங்கதாம்மா சாப்பிட்டாங்க. நான் பேருக்குத்தான்."

அப்பாவின் பேருக்கு என்பது இடுப்பெலும்புக் கறி முழுவதும், வால் கொழுப்பு, இரண்டு கிண்ணம் சூப். பெரியவரை டாக்டர் முன்னால் திருத்தக்கூடாதே என்று வாயை மூடிக்கொண்டேன். பிறகு உயிரியல் ஆசிரியையிடம் கேட்டேன். வெந்த கறியிலும் அதே கழிவு உண்டாம், தின்ற மறுநாள் பார்த்தால் எண் ஏறித் தெரியுமாம். அதைச் சித்தப்பாவிடம் சொன்னேன்.

"சாண் உசரம் இருந்துக்கிட்டு எங்களுக்கே வைத்தியம் சொல்றியாடி? கறி தின்னாத்தான்டி அண்ணன் உடம்பு தேறும்!"

அதோடு விட்டிருக்கலாம். மாற்றுச் சிறுநீரகம் வேண்டுமென்றால் ஒரே வகை ரத்தம் வேண்டும், என் ரத்தமும் அப்பாவுடையதும் ஒன்று என்று எல்லோரிடமும் சொன்னார். பிறகு அடுத்த ஆட்டை அடித்துப் பங்கு வைக்கும்போது அதன் சிறுநீரகத்தை எடுத்து என் தட்டில் வைத்தார். பிள்ளைகளுக்கு அதைத்தான் வைப்பார்கள், எனக்கும் தெரியும். ஆனால் வைத்துவிட்டு என் தலையைத் தடவினார், அக்கா. அவர் ஒருநாளும் தடவியதில்லை.

நாளைக் காலை மூன்றாவது பரிசோதனை. எண் இறங்காவிட்டால் பிஷ்கெக் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். நானும் கூட வந்தால் நீ வாசலில் நின்று, பதினைந்து வயதுப் பிள்ளையிடம் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிடு. சட்டம் அப்படியில்லை என்றாலும் சொல்லு.

ஆனால் அதற்குத் தேவை வராது. இன்று ராத்திரி கறி தின்னாதீர்கள் என்று அப்பாவிடம் தனியாகச் சொன்னேன். சிரித்தார், ஆனாலும் ரொட்டியும் தேநீரும் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். ஆகவே பயம் தீர்ந்தது. உன் தேர்வுகள் நன்றாக நடக்கட்டும், உன் பாதை வெளிச்சமாக இருக்கட்டும்.

இரண்டு சிறுநீரகங்களுடன்,
உன் தங்கை கெஞ்ஜே

பி.கு.: மேலே உள்ளதை எழுதி முடித்ததும், அப்பாவுக்குத் தைரியம் சொல்ல தலாஸ் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய உறவினர் வந்தார்கள். வந்து நெடுநேரமாகிறது. கொட்டிலில் கத்திக்கொண்டிருந்த ஆடு இப்போது கத்தவில்லை. அடுப்படியில் கொப்பரை கொதிக்கிறது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பா.

"கெஞ்ஜே, எந்திரிம்மா. விருந்தாளிங்க கை கழுவ நீதான் தண்ணி ஊத்தணும். பயப்படாத, நான் பேருக்குத்தா—