நூறு குறையாத புழு

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் அதை விருந்தாளிகளுக்குக் காட்டியே ஆக வேண்டும் என்பது தொண்ணூறுகளில் மேற்குத் தாம்பரத்தின் எழுதாத சட்டம். எங்கள் வீட்டில் அதற்குப் பூப்போட்ட உறை, நெற்றியில் குங்குமம் எல்லாம் உண்டு. அப்பாவுக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஆனால் "பொண்ணு கம்ப்யூட்டர் படிச்சிருக்கா" என்று சொல்லும்போது அவர் குரல் ஒரு சுற்றுப் பருத்துவிடும்.

எனக்கு அதில் தெரிந்ததெல்லாம் ஒரு புழு விளையாட்டு. இரண்டு கட்சியாகப் புழுக்கள், கையில் பீரங்கி, மாற்றி மாற்றிச் சுட வேண்டும். அடிபட்டால் கீச்சுக் குரலில் கத்திக்கொண்டு கடலில் விழும். ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் பெயரும், மிச்சமிருக்கும் உயிரும் தெரியும். பெயரை நாமே வைக்கலாம். (அங்கேதான் வந்தது வினை.)

அதற்கு முன் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் எல்லாம் "லெட்டர் போடறோம்" என்று சொல்லிவிட்டு ஒரு கார்டுகூடப் போடவில்லை. ஒவ்வொரு தடவையும் அப்பாவின் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத் தாங்காது. அந்தக் கோபத்தில், பெருங்களத்தூரிலிருந்து அன்று வரவிருந்தவர்களின் பெயர்களைத் தரகரிடம் கேட்டு, எதிர்க்கட்சிப் புழுக்களுக்கு வைத்துக் காலையிலேயே போரை ஆரம்பித்துவிட்டேன். அம்மா புடவை கட்டக் கூப்பிட்டதும் ஆட்டத்தை நிறுத்தி, திரையை மட்டும் அணைத்து உறையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

வந்தார்கள். பஜ்ஜி, சொஜ்ஜி ஆனது. அப்பா எழுந்தார். நான் கண்ணால் கெஞ்சுவதற்குள் உறையை உருவி, திரையைப் போட்டு, ஏதோ ஒரு பட்டனையும் தட்டினார். போர் தொடர்ந்தது.

மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். "சரோஜா... நானா இது?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"ஏம்மா, எனக்குப் பன்னெண்டு போட்டிருக்கே, இவருக்கு மட்டும் நாப்பதா?"

"அது... அடி வாங்கினது போக மிச்சம், ஆன்ட்டி."

அப்பா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். இந்த இடமும் போயிற்று, அதுவும் என்னால் போயிற்று என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் மாப்பிள்ளை வாயைத் திறந்தார். "எனக்கு மட்டும் நூறு அப்படியே இருக்கே?"

இருக்காதா! தரகர் கொடுத்த போட்டோவில் அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்த பிறகு அந்தப் புழுவைச் சுட எனக்கு மனசே வரவில்லை. மலை உச்சியில் பத்திரமாக விட்டு வைத்திருந்தேன். தரையைப் பார்த்தேன். அது பதிலை விட மோசம்.

திரையில் சரோஜாப் புழுவின் தலைக்கு மேல் அம்புக்குறி ஆடியது. உளறிவிட்டேன்: "இப்ப உங்க டர்ன், ஆன்ட்டி."

அவர் ஒரு விரலால் பட்டனை அமுக்கினார். குண்டு எங்கேயோ போய் முட்டித் திரும்பி, பக்கத்திலிருந்த அவர் கணவர் மேலேயே விழுந்தது. அவர் கீச்சென்று கத்தியபடி கடலில் போனார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து குறி வச்சேன், இன்னிக்குத்தான் பட்டுது!" என்று மாப்பிள்ளையின் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மாப்பிள்ளையின் அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு என் அப்பாவைப் பார்த்தார். "லெட்டர் போடறோம்னு சொல்லத்தான் சார் வந்தேன். இவளை இப்படிச் சிரிக்க வைக்கிற பொண்ணை விட்டுட்டு எங்க போறது? தட்டை மாத்திக்கலாம்."

அப்பா தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். (பஜ்ஜி காரம் என்றார்.)

இன்றைக்கும் மாமனார் குரலை உயர்த்தினால் மாமியார், "உங்க டர்ன் முடிஞ்சுது" என்பார். நான் உம்மென்று இருந்தால் இவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எனக்கு இப்ப எவ்வளவு இருக்கு?"

"பன்னெண்டு" என்பேன். உடனே காபி போட்டுக்கொண்டு வருவார். அது ஒருநாளும் நூறிலிருந்து இறங்கியதே இல்லை என்பதை மட்டும் நான் இதுவரை சொல்லவில்லை. சொன்னால் காபி நின்றுவிடும்.