முகூர்த்தப் பட்டில் ஸ்டீயரிங் ஆயில்

காரின் மூடியைத் திறந்துவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்கிறவனை ஊரே மெக்கானிக் என்று நம்பிவிடும். முதலில் நம்புகிறவன் அவனேதான். அப்படி என்னை நானே நம்பி, அண்ணன் கல்யாணத்தைக் கலங்கடித்தவன் நான்.

அப்போது ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஃபிட்டர் வேலை. முதலாளியின் மகன், எங்களுக்கெல்லாம் சின்னவர், வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருந்தார். இரண்டே பேர் உட்காரலாம். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். மாப்பிள்ளையை ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்துக்கு அதில்தான் அழைத்துப் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். (அண்ணன் கேட்டது சாதாரண வேன்தான்.)

"ஸ்டீயரிங் ஆயில் மட்டும் பாத்துக்கோ. கோட்டைத் தாண்டி ஒரு சொட்டு ஊத்தக் கூடாது" என்று சொல்லி, சின்னவர் சாவியோடு ஒரு பாட்டிலும் கொடுத்தார்.

கல்யாணத்தன்று காலையில் முன்மூடியைத் திறந்தேன். என்ஜினைக் காணோம்! வேர்த்து விறுவிறுத்துத் தேடியதில், அது பின்னால் இருப்பது தெரிந்தது. முன்னால் இருப்பது சாமான் வைக்கும் இடம். அதன் ஓரத்திலேயே ஸ்டீயரிங் ஆயில் டப்பா. மூடியில் ஒரு குச்சி, குச்சியில் இரண்டு கோடு. வண்டி ஆறியிருந்தால் கீழ்க்கோடு, சூடாக இருந்தால் மேல்கோடு. கொஞ்சம் ஊற்றியதுமே ஆயில் கீழ்க்கோட்டைத் தொட்டுவிட்டது. அத்தோடு மூடியிருக்க வேண்டும்.

ஆரத்தித் தட்டோடு அத்தை வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏலே, என்ன பாதியோட நிறுத்திட்ட?"

"அம்புட்டுதான் அத்தை. கோடு இருக்கு."

"கோடாவது கீடாவது! நல்ல காரியத்துக்குப் போற வண்டியில கொறை வைக்கலாமால? தளும்ப ஊத்து."

எங்கள் வீட்டில் விசேஷ நாளன்று அரிசிப் பானை, உப்பு ஜாடி, தண்ணீர்க் குடம் எல்லாம் நிறைந்திருக்க வேண்டும். அந்த வரிசையில் இதையும் சேர்த்தேன். பாட்டிலைக் கவிழ்த்துக் கழுத்துவரை நிரப்பினேன். அத்தை டப்பாவுக்குக் குங்குமம் வைத்தாள். பக்கத்திலேயே முகூர்த்தத் தட்டை வைத்தோம். அதில் மணப்பெண்ணுக்கு, எனக்கு மதினியாக வரப்போகிறவருக்கு, எடுத்த சந்தன நிறப் பட்டு.

ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ராஜ பவனி. மண்டபச் சந்தில்தான் வினை. எதிரே ஒரு பஸ், பின்னால் ஒரு மாடு. ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முறுக்கி, முன்னும் பின்னுமாக நகர்த்தி நகர்த்தி, ஒருவழியாக உள்ளே நுழைத்தேன். மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். சூடேறிய ஆயில் விரிய இடம் வேண்டுமே! நான்தான் விட்டுவைக்கவில்லையே.

தட்டை எடுக்க முன்மூடியைத் திறந்தால், சிவப்பு ஆயில் நுரைத்து வழிந்து தட்டில் குளம் கட்டியிருந்தது. பட்டின் ஒரு முனை அதில் ஊறிக்கொண்டிருந்தது. தாலி கட்ட அரைமணி நேரம்தான். மாற்றுப் பட்டு கிடையாது.

"என்னலே செஞ்சு வச்சிருக்க?" என்றான் அண்ணன். அவன் குரல் உடைந்திருந்தது. திட்டியிருந்தால் தேவலை. காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. (அந்தக் காருக்கு அடியில் அதற்கும் இடமில்லை.)

பெண்வீட்டார் அபசகுனம் என்று முணுமுணுக்கத் தொடங்கினார்கள். தட்டை நானே மணப்பெண் அறைக்குத் தூக்கிப் போனேன். மதினியிடம் நடந்ததைச் சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் பட்டை விரித்துப் பார்த்தார்.

"கறை உள்முந்தியிலதான் இருக்கு. இடுப்புல சொருகிட்டா வெளிய தெரியாது. அழாதீங்க கொழுந்தனாரே."

"வாடை அடிக்குமே மதினி?"

"மில்லுக்காரவுக வீட்டுப் பட்டு இப்பிடித்தான் மணக்கும்னு சொல்லிக்கிடுதேன்."

அதே பட்டோடு மணையில் உட்கார்ந்தார். முணுமுணுப்பு அடங்கியது. ஐயர் மட்டும் இரண்டுதரம் மூக்கை உறிஞ்சிவிட்டு, ஹோமகுண்டத்தைச் சற்றுத் தள்ளி வைக்கச் சொன்னார். தாலி ஏறியதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

வருஷங்கள் பல ஓடிவிட்டன. இன்றைக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனால் எல்லோருக்கும் டம்ளர் நிறையக் காப்பி வரும். எனக்கு மட்டும் பாதி. போன வாரம் அண்ணன் மகள், "சித்தப்பாவுக்கு மட்டும் ஏம்மா கொறச்சு ஊத்துத?" என்று கேட்டாள்.

மதினி சிரிக்காமல் சொன்னார்: "காப்பி சூடா இருக்குல்லா. விரியுறதுக்கு எடம் வேணும்."