பூட்டுக்காரர் மனைவியின் சந்தோஷம்

பல் தேய்த்துக்கொண்டிருந்த பூட்டுக்காரரின் கை அப்படியே நின்றுவிட்டது. சமையலறையில் அவர் மனைவி பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சமையலறையிலிருந்து பாத்திரச் சத்தமும் பெருமூச்சும்தான் வந்திருக்கின்றன. பெருமூச்சு அவருக்குப் பழகிப்போயிருந்தது. சொல்லப்போனால் அதில் ஒரு நிம்மதிகூட உண்டு, வீடு வழக்கம்போல் நடக்கிறது என்று. பாட்டு அப்படியல்ல.

வாயைக் கொப்பளித்துவிட்டு, தான் ஏதாவது நல்லது செய்துவிட்டோமா என்று யோசித்துப் பார்த்தார். போன வாரம் எதுவும் இல்லை. போன மாதமும் இல்லை. அதற்கும் முன்னால் செய்திருந்தால் அதற்காக யாரும் இன்றைக்கு உட்கார்ந்து பாட மாட்டார்கள்.

"என்ன விசேஷம்?" என்றார்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"இல்ல, பாட்டெல்லாம் பலமா இருக்கே."

"பாடினேனா? எனக்கே தெரியலையே," என்று சொல்லிக்கொண்டே தட்டை வைத்தாள். உதட்டோரத்தில் சிரிப்பு மிச்சம் இருந்தது.

பூட்டுக்காரர் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். கடைத்தெருவில் சாவி செய்யும் சின்னக் கடை. மக்கர் செய்யும் பூட்டு ஒன்று விரலுக்குப் பணிந்து 'க்ளிக்' என்று திறக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், முதல் குழந்தையைப் பார்த்தவர் மாதிரி இருக்கும். அந்தச் சந்தோஷம் தனக்குப் போதும் என்றால் மனைவிக்கும் போதும் என்று நினைத்தே இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவர். ராத்திரிச் சாப்பாட்டில் அன்றைக்குத் திறந்த பூட்டுகளை ஒவ்வொன்றாக விவரிப்பார். அவள் 'ம்' கொட்டுவாள். கேட்டால், ரொம்ப ரசிக்கிறாள் என்பார்.

விஷயத்தைப் பக்கத்துக் கடைக் கடிகாரக்காரரிடம் சொன்னதுதான் அவர் செய்த முதல் தப்பு. கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர்தான், ஆனாலும் அடுத்த வீட்டுக் கவலை என்றால் அந்த மனிதருக்குப் பசி தூக்கம் இரண்டும் தெரியாது. கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு டீ சொன்னார்.

"அண்ணே, பொம்பளைங்க பாடினா ரெண்டே காரணம்தான். ஒண்ணு புருஷன். இன்னொண்ணு புருஷன் இல்ல." பூட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தார். "உங்களைப் பாத்தா முதல் காரணம் மாதிரித் தெரியல."

சாயங்காலம் வரைக்கும் அந்த வார்த்தை காதிலேயே ரீங்காரமிட்டது. மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார். வாசலிலேயே பாட்டு கேட்டது. இவர் தலையைக் கண்டதும் ரேடியோவை அணைத்ததுபோல் நின்றது. உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். கேள்வியில் கவலை கொஞ்சம்தான் இருந்தது. தைத்த துணிகளை மடித்துப் பையில் வைத்திருந்தாள். அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக் கொடுப்பது அவள் பழக்கம், வாரத்தில் இரண்டு மதியம் கொடுத்துவிட்டு வரப் போவாள். அன்றைக்குப் போகவில்லை. இவர் எதிரே உட்கார்ந்து, இவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னாலேயே போய்ப் பார்த்துவிடச் சொன்னார் கடிகாரக்காரர். பூட்டுக்காரருக்குத் துணிச்சல் வரவில்லை. போனால் உண்மை தெரிந்துவிடும். அவளை இழந்துவிடுவோமோ என்ற பயம் இந்த வயதில் முதல்முறையாக வந்திருந்தது, அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் சந்தோஷத்துக்குத் தானே காரணமாகிவிட்டால் வம்பே இல்லை என்று முடிவு செய்தார். கடையை அரை நாள் மூடிவிட்டு அவளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பேச வேண்டுமே என்று, தான் பார்த்ததிலேயே கஷ்டமான பூட்டைப் பற்றி ஆரம்பித்து, வெயில் தாழும்வரை சொன்னார். பல் பிடுங்கும் டாக்டர் கூப்பிடுவதற்குக் காத்திருப்பவள் போல அவள் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"போலாமா?" என்றாள் கடைசியில். அந்த ஒரு சொல்லில்தான் கொஞ்சம் உயிர் இருந்தது.

இனி வீட்டில் ஒரு காவல் வேண்டும் என்று அக்காவை வரவழைத்தார். அக்காவின் சந்தோஷம் தனி ரகம். ஒரு வீட்டுக்குள் நுழைந்து நாலு குற்றமாவது கண்டுபிடித்தால்தான் அவளுக்குத் தெம்பு வரும். தம்பி வீட்டில் முதல் நாளே பத்து கிடைத்துவிட்டது. ஆனால் எந்தக் குற்றத்தைச் சொன்னாலும் தம்பி பெண்டாட்டி சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டாள், துணிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். இரண்டு மதியம் நாலானது. யாரோ மந்திரம் போட்டிருக்கிறார்கள் என்று அக்கா சத்தியம் செய்தாள்.

பூட்டுக்காரர் தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். வாசல் கதவுக்குப் பூட்டை மாற்றினார். இழுத்து மூடினால் தானே பூட்டிக்கொள்ளும் பூட்டு, சாவி அக்கா கையில். இனி அவள் போவதும் வருவதும் அக்காவுக்குத் தெரியாமல் நடக்காது. திருட்டுப் பயம் அதிகமாகிவிட்டது என்று மனைவியிடம் காரணம் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

அன்று மதியமே அக்கா, தம்பி பெண்டாட்டி எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று பார்க்க வாசலுக்கு ஓடினாள். பின்னால் கதவு காற்றில் சாத்திக்கொண்டது. சாவி உள்ளே. மழை வெளியே. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்த மனைவி, கதவு திறக்க வழியில்லை என்று தெரிந்ததும், தன் குடையை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு, "அப்ப நான் சாயங்காலமா வரேன், அண்ணி," என்று மழையிலேயே உற்சாகமாக நடந்து போய்விட்டாளாம். பூட்டுக்காரர் வந்து திறந்தபோது அக்காவுக்குப் பல் தந்தியடித்தது.

"உன் பெண்டாட்டி சந்தோஷமா இருந்தா உனக்கு எங்கடா வலிக்குது?" என்று தும்மலுக்கு நடுவே கேட்டுவிட்டு, மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். பூட்டுக்காரர் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

அதற்குப்பின் மனைவி தினமும் மதியம் வெளியே போனாள். கடிகாரக்காரர் தினமும் டீ வாங்கிக் கொடுத்தார். சாதாரண அலமாரிப் பூட்டு ஒன்று பூட்டுக்காரரை அரை மணி நேரம் அலைக்கழித்தது. இன்றைக்கு ராத்திரி கேட்டுவிடுவது, வருவது வரட்டும் என்று அவர் மனதைத் திடப்படுத்திக்கொண்ட நாளில்தான் அந்தப் போன் வந்தது.

ஊரின் மறுகோடியிலிருந்து ஒரு வீட்டுக்காரம்மா. யாரோ அவர் எண்ணைக் கொடுத்தார்களாம். மாடி அறையை வாடகைக்கு எடுத்திருக்கும் பெண் உள்பக்கம் பூட்டியபோது சாவி துவாரத்திலேயே உடைந்துவிட்டது, உடனே வர வேண்டும் என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு போனார். மாடிப்படி ஏறி, கதவு முன் குந்தி உட்கார்ந்து, கருவியைத் துவாரத்தில் விட்டார்.

"அவசரமே இல்லைங்க," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "நிதானமாப் பாருங்க."

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார், அது அவர் மனைவியின் குரல். ஆனால் இத்தனை கனிவோடு அதை அவர் கேட்டதில்லை.

கருவியை வைத்துவிட்டு எழுந்தார். வீட்டுக்காரம்மாவைப் படியருகே கூப்பிட்டு, உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்று கிசுகிசுத்தார்.

யாரும் இல்லை என்றாள் அவள். யாரும் வருவதும் இல்லை. அறையில் ஒரு நாற்காலியும் ஒரு ஜன்னலும்தான். மதியம் வந்து கதவைப் பூட்டிக்கொண்டு, வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள், சில நாள் பாடுவாள், சாயங்காலம் போய்விடுவாள். வாடகைக்குப் பதிலாக வீட்டுத் துணி எல்லாம் தைத்துக் கொடுக்கிறாள். ஆள் கூப்பிட வேண்டாம் என்றுதான் சொன்னாள், தனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

பூட்டுக்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணும் கலங்கியது. இவ்வளவுதானா? ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். இதற்காகவா இத்தனை நாள் வெந்துகொண்டிருந்தோம்? கடிகாரக்காரரின் முகத்தை நினைத்துப் பார்த்தார், இன்னும் சிரிப்பு வந்தது. கதவு திறந்ததும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லக் கூடாது என்று தீர்மானித்தார். வீட்டின் முன்னறையை அவளுக்கே ஒழித்துக் கொடுத்துவிடுவது. ஜன்னலருகே நல்ல நாற்காலியாகப் போட்டு, தானும் பக்கத்தில் ஒன்று போட்டுக்கொண்டு, சாயங்காலங்களில் பேசிக்கொண்டிருப்பது. கடைசியில் அவள் சந்தோஷத்துக்குத் தானே காரணமாகப்போகிறோம் என்று நினைத்தபோது விரல்களுக்குப் பழைய லாவகம் திரும்பிவிட்டது.

மறுபடி குந்தி உட்கார்ந்தார். உடைந்த துண்டு நகர்ந்தது. இன்னும் ஒரு நெம்பு நெம்பினால் திறந்துவிடும்.

வீட்டுக்காரம்மா குனிந்து, உள்ளே கேட்காதபடி, அவர் காதருகே சொன்னாள்:

"கதவு தொறந்ததும் அவங்ககிட்டப் பேச்சுக் குடுக்காமக் கிளம்பிடுங்க. செத்துப்போன அவங்க வீட்டுக்காரரும் பூட்டு வேலைதான் பாத்தாராம், உங்களைப் பாத்தா பழசெல்லாம் ஞாபகம் வந்து இருக்கிற சந்தோஷமும் போயிடும்."